ஊமைக்கு ஒரு மைக்

கடைக்குள் நுழைந்ததும் ஆப்பரேட்டர் கேட்ட முதல் சாமானே விற்பனைப் பெண்ணைத் திகைக்க வைத்தது. வீடியோ கேமுக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் சுவர் நீளத்துக்கு டிவி கேட்பார்கள், நெஞ்சுக்கூடு அதிர்கிற ஸ்பீக்கர் கேட்பார்கள். இந்த மனுஷர் வந்து நின்று, "கரண்டு போனா ஒரு மணி நேரமாவது தாங்கற பேட்டரிப் பெட்டி முதல்ல எடும்மா. மத்ததெல்லாம் அப்புறம் பார்ப்போம்" என்றார்.

"உங்க பக்கம் அடிக்கடி கரண்டு போகுமா சார்?"

"போகாது. ஒரு தடவை போச்சு."

சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்தார். கோடு போட்டு, எண் போட்டு, அழகான கையெழுத்தில் ஒரு பட்டியல். "ரெண்டாவது, மைக் வச்ச ஹெட்போன். மூணாவது..." இங்கே குரலை இறக்கிக்கொண்டார். "பேசினா நான்தான்னு தெரியக் கூடாது. அதுக்கு ஏதாவது இருக்கா?"

அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "யாருக்குத் தெரியக் கூடாது?"

"என் மகளுக்கு."

அவள் கையில் எடுத்திருந்த ஹெட்போன் பெட்டியை மறுபடி அலமாரியிலேயே வைத்தாள். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. குரலை மாத்தற சாமான் கேட்டு வர்றவங்கள்ல பாதிப் பேர் யோக்கியமான காரியத்துக்கு வர்றதில்ல. நான் இந்த விஷயத்துல கொஞ்சம் கறார். என்ன ஏதுன்னு சொன்னா எடுத்துத் தர்றேன், இல்லைன்னா பேட்டரிப் பெட்டியோட கிளம்புங்க."

பெற்ற பெண் வயசில் ஒருத்தி இப்படி முகத்துக்கு நேரே கேட்டால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது? ஆனால் சனிக்கிழமைக்கு இரண்டே நாள்தான் இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னார்.

அவர் ரிட்டயர் ஆகி மூன்று வருஷம் ஆனாலும் தெருவுக்கு இன்னும் ஆப்பரேட்டர்தான். துணை மின்நிலையத்தில் முப்பத்தோரு வருஷம். சுவர் முழுக்க மீட்டரும் விளக்குமாக இருக்கிற பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதுதான் வேலை. சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த லைன் உயிரோடு இருக்கிறது, கிட்டே போகாதே. பச்சை எரிந்தால் லைன் செத்துவிட்டது, தாராளமாகக் கை வைக்கலாம். வீட்டிலும் அதே சட்டம்தான். தண்ணீர் மோட்டார் ஓடினால் சிவப்பு, நின்றால் பச்சை. மகள் மூன்றாம் வகுப்புப் பரீட்சையில் 'பச்சை விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம்?' என்ற கேள்விக்கு 'செத்துப் போச்சு' என்று எழுதி வைக்க, டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். போனவர் பிள்ளையைக் கண்டித்திருக்க வேண்டுமா, வேண்டாமா? அவள் எழுதியதுதான் சரி என்று அரை மணி நேரம் வாதாடிவிட்டு, அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அப்படி ஒட்டிக்கொண்டு திரிந்த அப்பனும் மகளும்தான்.

அவள் வளர்ந்தாள், வீடியோ கேம் பிடித்துக்கொண்டது, வீட்டில் சண்டையும் கூடவே வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், தன் பழைய ஆபீசிலேயே அவளுக்காகச் சொல்லி வைத்திருந்த வேலையின் இன்டர்வியூவுக்கு அவள் போகவில்லை என்பது அவருக்குத் தெரிய வந்தது. அறைக் கதவைத் தட்டினார், கத்தினார். ஹெட்போன் மாட்டியிருந்த பிள்ளைக்குக் காது கேட்கவில்லை. நேரே போய் மெயின் போர்டைத் திறந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டார். வீடே இருண்டது. அவள் வெளியே வந்தாள், அப்பா கையில் இருந்த கட்டையைப் பார்த்தாள். அன்று அவள் ஆடிக்கொண்டிருந்தது ஒரு பெரிய போட்டியின் கடைசி ஆட்டம். ஒரு மணி நேரத்தில் பையோடு கிளம்பிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவுக்கு போன் செய்வாள். இவர் வாங்கி "ஹலோ" என்றால் லைன் கட்டாகிவிடும்.

"அப்புறம் நீங்க எப்படி சார் இந்த விளையாட்டுல?"

"அவ விட்டுட்டுப் போன கேம் பெட்டி வீட்டுல கிடந்துச்சு. 'ஃபியூஸ்'னு பேரு வச்சுக்கிட்டு விளையாடறான்னு அவங்கம்மா சொன்னா. அந்தப் பேரைக் கேட்ட அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. ஆறு மாசம் உக்காந்து கத்துக்கிட்டேன். அவ டீமுக்கு நாலாவது ஆள் தேடினாங்க, போய்ச் சேர்ந்துட்டேன். நான்தான்னு அவளுக்குத் தெரியாது. தண்ணி டேங்க் மேல ஏறி நின்னு எதிரி எங்க வர்றான்னு பார்த்துச் சொல்றது என் வேலை. தொண்டையில கோளாறு, பேச வராதுன்னு சொல்லி வச்சிருக்கேன். டைப் அடிச்சுத்தான் சொல்வேன். ஊமைன்னு பட்டப்பேரு."

"இப்ப ஏன் பேசணும்?"

"போன வாரம் நான் 'மேற்கு'ன்னு டைப் அடிச்சு முடிக்கறதுக்குள்ள அவளை அடிச்சுட்டாங்க. சனிக்கிழமை அரையிறுதி. தொண்டை கரகரன்னு இருந்தாலும் பரவாயில்ல, பேசு, இல்லைன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்னு கேப்டன் பையன் சொல்லிட்டான். வாரத்துல மூணு நாள், ரெண்டு மணி நேரம் என் பொண்ணு குரலைக் கேக்கறேம்மா. 'ஊமை, பார்த்துக்கங்க'ன்னு சொல்றா. 'ஊமை, சாப்பிட்டீங்களா'ன்னு கூட ஒரு நாள் கேட்டா. நான்தான்னு தெரிஞ்சா அன்னிக்கே டீமை விட்டுப் போயிடுவா."

"நேரா மன்னிப்பு கேட்டுடலாமே சார்."

"கேக்கறதுக்கு அவ லைன்ல இருக்கணுமே."

விற்பனைப் பெண் கொஞ்ச நேரம் கண்ணாடி மேஜையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அலமாரியிலிருந்து அந்தப் பெட்டியை மறுபடி எடுத்தாள்.

ஒரு காரியத்தில் இறங்கிவிட்டாள் என்றால் அவள் இறங்கினதுதான். வயர் இல்லாத ஹெட்போனை அவர் ஆசையாகத் தொட, "அது பாட்டுக் கேக்க. அதுல சத்தம் ஒரு இமைப்பொழுது பின்தங்கி வரும், உங்களுக்கு அந்த இமைப்பொழுதுதானே பிரச்சனை?" என்று வயர் வைத்ததைக் கையில் கொடுத்தாள். காதை முழுக்க மூடுகிற ரகம்; எந்தப் பக்கம் காலடி கேட்கிறது என்று துல்லியமாகத் தெரியும். மைக் வாய்க்கு முன்னால் வருவதை மட்டும்தான் பிடிக்கும், பின்னால் உங்க வீட்டம்மா கத்தினாலும் அந்தப் பக்கம் போகாது என்றாள். புது டிவி வேண்டாம், இருக்கிற டிவியிலேயே 'கேம் மோட்' என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டால் கையில் அமுக்குவதும் திரையில் நடப்பதும் ஒன்றாக வரும் என்று தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். அவர் பட்டியலில் இருந்த பெரிய ஸ்பீக்கரை அவளே பேனாவால் அடித்தாள். வியாபாரம் செய்கிற பெண் செய்கிற காரியமா அது?

கடைசியாகக் குரல் மாற்றுகிற பெட்டி. உள்ளங்கை அளவுதான். ஹெட்போனை அதில் சொருகி, அதைக் கேம் பெட்டியின் கன்ட்ரோலரில் சொருக வேண்டும். ஆப்பரேட்டர் "ஹலோ, ஒண்ணு ரெண்டு மூணு" என்றார். கடையின் ஸ்பீக்கரில் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பூதம் எண்ணியது.

"இந்தப் பொத்தானை ஒரு தடவை அமுக்கினா மைக் ஆன், இன்னொரு தடவை அமுக்கினா ஆஃப். விளக்கு காட்டும், பார்த்துக்கங்க" என்றாள் அவள். என்ன கலருக்கு என்ன அர்த்தம் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லப் போகிறாள்? உலகத்தில் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்றரைக்கே ஆப்பரேட்டர் மகளின் பழைய அறையில் தயாராக உட்கார்ந்துவிட்டார். பேட்டரிப் பெட்டி மேஜைக்கு அடியில். டிவியில் கேம் மோட். புது ஹெட்போன் காதைக் கவ்விக்கொண்டிருந்தது. கண்ணுக்கு நேரே அந்தச் சின்னப் பெட்டி, பச்சை விளக்கோடு. பச்சை, சரி, மைக் செத்திருக்கிறது. வியாழன், வெள்ளி இரண்டு நாளில் ஒரு தடவை டீமோடு பேசிச் சோதித்துப் பார்த்திருக்கலாம். பயம். ஒரு 'ஹலோ'வில் கண்டுபிடித்துவிட்டால்? அந்த ஒரு ஹலோவைச் சனிக்கிழமை வரைக்கும் தள்ளிப்போட்டார்.

நான்கு மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. இடிந்த நகரம் ஒன்றின் வழியாக ஒரு வண்டியைப் பாலம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எதிர் அணி மறிக்கும். மூன்று ரவுண்டில் இரண்டு ஜெயிக்க வேண்டும். கேப்டனும் பல்லி என்கிற பையனும் வண்டியைத் தள்ளுவார்கள். ஃபியூஸ் முன்னால் போய் வழியைச் சுத்தம் செய்வாள். ஊமை டேங்க் மேல்.

"ஊமை, மைக் ரெடியா?" என்றான் கேப்டன்.

ஆப்பரேட்டர் பொத்தானை அமுக்கினார். சிவப்பு எரிந்தது. லைனுக்கு உயிர் வந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக மகள் காதுக்கு ஒரு வார்த்தை சொன்னார். "ரெடி."

யாரும் பதில் சொல்லவில்லை. சரி, ஆட்ட மும்முரம் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் நான்கு நிமிஷம் நன்றாகத்தான் போனது. பிறகு மேற்குச் சந்தில், உடைந்த பேருந்துக்குப் பின்னால், இரண்டு தலை அசைந்ததைப் பார்த்தார். ஃபியூஸ் அந்தச் சந்தை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தாள்.

"மேற்கு. பஸ்ஸுக்குப் பின்னால ரெண்டு பேர்."

அவள் நிற்கவில்லை.

"ஃபியூஸ், நில்லு. மேற்குல ரெண்டு பேர். நில்லும்மா."

அவள் போய்க்கொண்டே இருந்தாள். அவருக்கு உள்ளங்கை வேர்த்து கன்ட்ரோலர் வழுக்கியது. டைப் அடிக்கலாம் என்று விரலை நகர்த்தினார். விரல் எங்கெங்கோ போனது. "ஊமை, ஏதாவது தெரியுதா? மேற்குப் பக்கம் போகட்டுமா?" என்று ஹெட்போனுக்குள் அவள் குரல், காதோடு காதாக, அவரை நம்பிக் கேட்டது. "போகாத, போகாத" என்று அவர் கத்தினார். கேட்டவள் அவள் இல்லை, சமையலறையில் இருந்த மனைவிதான். திரையில் அவள் விழுந்தாள். அடுத்த நிமிஷம் வண்டியும் போயிற்று, ரவுண்டும் போயிற்று.

"ஊமை, உங்க மைக்ல ஒரு சத்தமும் வரல" என்றான் கேப்டன். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினான், அது இன்னும் மோசமாக இருந்தது. "பட்டப்பேருக்கு இவ்வளவு விசுவாசம் வேண்டாம். அஞ்சு நிமிஷம் இடைவேளை. சரி பண்ணுங்க, இல்லைன்னா எழுந்து போங்க, நாங்க மூணு பேராவே ஆடிக்கறோம்."

சிவப்பு எரிந்ததே. லைன் உயிரோடுதானே இருந்தது. அப்படியானால் வயர் எங்கேயோ லூஸ் கான்டாக்ட். முப்பத்தோரு வருஷத்துப் பழக்கம் என்ன சொல்லும்? முதலில் லைனைச் சாகடி, அப்புறம் கை வை. பொத்தானை அமுக்கினார். பச்சை எரிந்தது. நிம்மதியாக ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு முனையையும் அழுத்திப் பார்க்க ஆரம்பித்தார். மைக் தண்டு தாடைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது.

மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றார். "என்னங்க, இப்படிக் கத்தறீங்க? யாரு போறா?"

"நம்ம பொண்ணுதான். நான் சொன்னேன், கேக்கல. மறுபடியும் என்னாலதான் தோத்தா."

"போதும் இந்தத் திருட்டுத்தனம். ஒரு பக்கம் அவ 'எங்க டீம்ல ஊமைன்னு ஒருத்தர், தங்கமானவர்'ங்கறா, இன்னொரு பக்கம் நீங்க ஒட்டுக்கேக்கறீங்க. நடுவுல நான் எத்தனை நாளைக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கறது? உண்மையைச் சொல்லித் தொலைங்க."

"சொன்னா போயிடுவா." ஆப்பரேட்டர் வயரை விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "அன்னிக்குக் கட்டையைப் பிடுங்கினப்போ அவ என்ன பண்ணிக்கிட்டு இருந்தான்னே எனக்குத் தெரியாது. சும்மா பொம்மை ஆட்டம்னு நினைச்சேன். இப்ப நானே ஆடறேன்ல, தெரியுது. வண்டி பாலத்துக்குப் பத்தடி முன்னால நிக்கறப்போ நான் விளக்கை அணைச்சிருக்கேன். கூட ஆடின மூணு பேரும் அவ ஓடிப்போயிட்டான்னுதான் நினைச்சிருப்பாங்க. ஆயிரம் வீட்டுக்கு விளக்குப் போட்ட கை இது. என் பொண்ணு வீட்டை மட்டும் இருட்டாக்கிட்டேன். அதை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவகிட்ட சொல்வேன்?"

மனைவி செம்பை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஆப்பரேட்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார், தண்ணீர் குடித்தார், ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினார்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. இடைவேளையில் வழக்கமாகப் பல்லி ஏதாவது பாடிக்கொண்டிருப்பான், கேப்டன் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பான். இன்று மூன்று பேரும் மூச்சுக்கூட விடாமல் இருந்தார்கள்.

"ஊமை." ஃபியூஸ்தான். குரல் எப்போதும் போல இல்லை. "உங்க முன்னாடி பெட்டியில விளக்கு எரியுதா?"

அவர் டைப் அடித்தார். ஆமா.

"என்ன கலர்?"

பச்சை.

"அப்ப மைக் ஆன்ல இருக்கா, ஆஃப்ல இருக்கா?"

இது என்ன கேள்வி என்று நினைத்துக்கொண்டே அடித்தார். ஆஃப்.

யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது. அவளுடையதாகத்தான் இருக்கும்.

"முதல் ரவுண்டுல சிவப்பு எரிஞ்சப்போ பேசினீங்க. அந்தப் பெட்டியில சிவப்புன்னா ஆஃப், அதான் எங்களுக்குக் கேக்கல. இப்ப பச்சையைப் பார்த்துட்டு, செத்துப் போச்சுன்னு நினைச்சுப் பேசினீங்க." அவள் நிறுத்தினாள். "பச்சைன்னா செத்துப் போச்சுன்னு சொல்ற வீடு உலகத்துலயே ஒண்ணுதான் எனக்குத் தெரியும். அப்பா, நீங்க பேசினது எல்லாம் கேட்டுச்சு."

ஆப்பரேட்டர் பச்சை விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவும் பயம், மூடவும் பயம். திரையின் ஓரத்தில், நான்கு பேர் வரிசையில் ஒரு பெயர் மங்கியது. 'ஃபியூஸ் வெளியேறினார்' என்று எழுத்து வந்தது.

"போயிட்டா" என்றான் பல்லி, மெதுவாக.

"ரெண்டாவது ரவுண்டுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கு" என்றான் கேப்டன். அவன் குரலில் கோபம் போயே போய்விட்டது. "அவ வரலைன்னா தோல்விதான். சார், உங்களைச் சொல்லல. சும்மா சொல்றேன்."

அவ்வளவுதான். முடிந்தது. வாரத்தில் மூன்று நாள், இரண்டு மணி நேரம், அதுவும் போயிற்று. மறுபடி அதே அறையில், அதே ஆட்டத்தின் நடுவில், அதே ஆளால். ஆப்பரேட்டருக்கு அழக்கூடத் தோன்றவில்லை. ஹெட்போனைக் கழற்ற இரண்டு கையையும் தூக்கினார்.

மனைவி போனை நீட்டியபடி வாசலில் நின்றார். "உங்ககிட்டக் குடுக்கச் சொல்றா."

இரண்டு வருஷமாக, அவர் தொட்டதும் செத்துப்போகிற போன். ஒரு காதை மட்டும் விலக்கிக்கொண்டு, பத்து நிமிஷம் சூடான இஸ்திரிப் பெட்டியைத் தொடுவது போல அதைத் தொட்டார். "ஹலோ" என்றார். கட்டாகவில்லை.

"அந்தப் பெட்டியைக் கழட்டுங்க" என்றாள் மகள். மூக்கு அடைத்திருந்தது. "அந்தப் பூதம் குரல்ல நீங்க அழுதா எனக்கு சகிக்கல. ஹெட்போனை நேரா கன்ட்ரோலர்ல சொருகுங்க. அடியில சின்ன ஓட்டை இருக்கும்."

"சொருகறேம்மா. அப்பா அன்னிக்கு..."

"இப்ப வேணாம். அதெல்லாம் நான் இன்னும் மறக்கல. மறப்பேனான்னும் தெரியல. இப்ப ஆட்டம். எழுபது செகண்டு இருக்கு." போன் வைக்கப்பட்டது.

ஆப்பரேட்டர் வயரைப் பிடுங்கினார். பச்சை விளக்கு அணைந்தது. பெட்டி வெறும் பெட்டியாகக் கிடந்தது. ஓட்டை அகப்படாமல் விரல் தடுமாறியது, மனைவி குனிந்து காட்டினார், சொருகினார். இப்போது பார்க்க விளக்கே இல்லை. லைன் உயிரோடு இருக்கிறதா இல்லையா, பேசிப் பார்த்தால்தான் தெரியும். திரையின் ஓரத்தில் 'ஃபியூஸ்' என்ற பெயர் மறுபடி எரிந்தது.

"டேங்க் மேல ஏறிட்டேன்" என்றார், தன் சொந்தக் குரலில். "கேக்குதா?"

"கேக்குது" என்றாள் அவள். பத்து, ஒன்பது என்று திரையில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. அவள், மெல்ல, ஆட்டத்தைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"இந்தத் தடவை கரண்டு போகாதில்லப்பா?"

அவர் மேஜைக்கு அடியில் இருந்த பேட்டரிப் பெட்டியைக் காலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"போகாதும்மா. நீ போ."